காலனிக்குள் வராத ஒயர்

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் இன்டர்நெட் கட்டணத்தைப் பற்றிப் பேசப்போறேன். பேங்க் கவுண்டரில் உட்கார்றவனுக்குக் கணக்குதான் முதல்ல கண்ணுல படும்.

28 நாள் ரீசார்ஜை மாசக் கட்டணம்னு நினைச்சுக்கிறோம். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்க, வருசத்துக்கு 13 தரம் வருது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கணும் என்று டிராய் 2022-இல் உத்தரவு போட்டது. எங்க தெருக் கடையில் கேட்டால்தான் அதைச் சொல்வார்கள். 2024 ஜூலையில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. வசதியுள்ளவன் வீட்டில் ஒரு ஒயர், ஒரு பில், மொத்தக் குடும்பமும் பார்க்குது. இல்லாதவன்தான் போனுக்குப் போன் தனித்தனியா கட்டுறான்.

நாமளும் ஒயர் இழுத்துக்கலாமே என்பீர்கள். எங்க ஊருக்கு ஒயர் வந்துச்சு. ஊர்த்தெருவோட நின்னுபோச்சு. காலனிக்கு இழுத்தா கட்டுபடியாகாதுன்னார் ஏஜென்ட். தண்ணிக் குழாய்க்கும் இதே பதிலைக் கேட்டவங்கதானே நாம.

கேரளத்தைப் பாருங்க. இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் ஒரு கல்லூரி விடுதி மாணவி. ஒன்பது மாதம் ஆகவில்லை. 2020 ஜூன் 1, பள்ளிகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கிய நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் பள்ளி மாணவி உயிரை விட்டாள். வீட்டு டிவி பழுது. ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா கூலித் தொழிலாளி. தீர்ப்பு அந்த வாசல் வரைக்கும் போகலை.

2023 ஜூன் 5-இல் கே-ஃபோன் தொடங்கினார்கள். மின்வாரியக் கம்பங்கள் வழியாக அரசே ஃபைபர் இழுத்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று அறிவிப்பு. முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீடு, ஆக 14,000. ஏறத்தாழ 143 வீட்டுக்கு ஒன்று! கோபம் வருது. ஆனாலும் கம்பம் பொதுவில் இருக்கிறதே, அதனால் கேட்க ஒரு இடம் இருக்கு.

அமெரிக்காவில் கேட்க இடமில்லை. வீட்டுக்கு மாசம் 30 டாலர் வரை மானியம், பணம் போனது கம்பெனிக்கு. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. நிதி தீர்ந்ததும் 2024 ஜூன் 1-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஒயர் கம்பெனியோட சொத்தாகவே நின்னுக்கிட்டிருக்கு.

நம்ம குடிசைகளுக்கு ஒத்த விளக்குக்கு இலவசக் கரண்டு கொடுத்தாங்களே, அதுக்கு வாரியம் காலனிக்குள்ள கம்பம் நட வேண்டியிருந்துச்சு. மானியத்தை விட எனக்கு அந்தக் கம்பம்தான் முக்கியம்.

தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கானது. எங்க ஊராட்சி அலுவலகம் ஊர்த்தெருவில் இருக்கு. உங்க ஊர்ல எங்க இருக்கு? அங்கேயிருந்து காலனிச் சமுதாயக்கூடம் வரைக்கும் டேப் பிடிச்சு அளந்துட்டு வாங்க. கிராமசபைக்கு மனு எழுதி வைச்சிருக்கேன். எத்தனை மீட்டர்ங்கிற இடம் மட்டும் காலியா இருக்கு.