நாட்கூலியும் வேலையில்லா நாளும்
(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம் உயர்ந்ததென்ற செய்தி பரவும்போதெல்லாம் மலையகத்து லயங்களில் முதலில் எழும் கேள்வி, மாதத்துக்கு எத்தனை பேர் விழும் என்பதே. பேர் என்றால் செக்றோலிற் பதியப்படும் ஒரு நாள் வேலை. பத்திரிகைகள் ரூபாவை எண்ணுகின்றன. அடுப்பெரிப்பவள் நாளை எண்ணுகின்றாள்.

தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளம் இந்நாட்டில் 1927ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. 1930களின் தொடக்கத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது, அதே ஏற்பாட்டின் கீழ்ச் சம்பளம் குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். சட்டம் கூலிக்கு விலை வைத்தது. வேலையற்ற நாளுக்கு எதுவும் வைக்கவில்லை. ஏறக்குறைய நூறாண்டு கழிந்தும் நாம் அவ்விடத்திலேயே நிற்கின்றோம்.

2019இல் 700 ரூபாவாக இருந்த நாட்சம்பளம், 2021இல் சம்பளச் சபை மூலம் 1000 ரூபாவாயிற்று. 2024இல் 1350 ரூபாவாயிற்று. இவை போராடிப் பெற்ற உயர்வுகள். இவற்றை இழிவாகப் பேசுவோர் கொழுந்துக் கூடையை ஒரு நாளாவது சுமந்து பார்க்கட்டும். ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 ரூபா வீதம் 25 நாள் உழைத்தால் 25,000 ரூபா. 1350 ரூபா வீதம் 18 நாள் மட்டும் கிடைத்தால் 24,300 ரூபா. சம்பளம் ஏறியது, குடும்பத்தின் வருமானம் இறங்கியது!

நாளைக் குறைக்கும் வழிகளும் பல. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கிலோவின் அளவை உயர்த்தினாற் போதும். அதனை எட்டாதவளுக்கு அரைப்பேர்தான். கிலோக் கணக்கிற் கூலி கொடுப்பது இன்னொரு வழி. தேயிலை உற்பத்திச் செலவிற் கூலியே பெரும்பங்கு என்று கம்பனிகள் கூறுவது பொய்யன்று. ஆனால் அப்பாரத்தை இறக்கிவைக்க வேறிடமின்றி அவளது கூடையிலேயே ஏற்றிவிடுகின்றனர். பேர் குறைந்தால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் கட்டும் 12 வீதமும், அவள் கட்டும் 8 வீதமும் கூடவே சுருங்குகின்றன. இன்று கடைக்காரனிடம் கடன். முதுமையிற் பிள்ளைகளிடம் கையேந்தல்.

வேலையற்ற நாட்களுக்கு மாதாமாதம் கைகொடுக்கும் பொதுக் காப்புறுதி எம்மிடம் இல்லை. 1971ஆம் ஆண்டின் சட்டம் வேலைநீக்கத்தைத் தடுப்பது; அதுவும் 15 பேருக்குக் குறைந்த வேலைத்தலங்களுக்குப் பொருந்தாது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும, குடும்பத்தின் வறுமையை அளந்து கொடுக்கப்படுவது. சென்ற மாதம் வேலை போனதா என்பது அதன் கேள்வியன்று.

இது மலையகத்தவர் பிரச்சினை மட்டுமென்று வடக்கிலுள்ள நாம் எண்ணிவிடக்கூடாது. எமக்குத் தோட்டமென்றால் சில பரப்பு நிலம், அவர்களுக்கோ மலைமலையாக. எனினும் வெங்காயம் கிண்டவும் மிளகாய்ப் பழம் ஆயவும் எம்மிடம் வருவோர், மாரி மழையில் நிலம் மூழ்கியதும் வீட்டில் இருக்கின்றார்கள். அந்நாட்களில் அவர்கள் எதை உண்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இந்தியா 2005இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை கொடாவிட்டால் படி கொடுக்கவேண்டுமென விதித்தது. அப்படி பல இடங்களில் ஏட்டோடு நின்றது. ஆயினும் கூலியையும் வேலையில்லா நாளையும் ஒரே சட்டத்தில் வைத்த அறிவு அதில் இருந்தது.

நாம் கேட்பது இதுதான். சம்பளச் சபை நாட்கூலியை விதிக்கும்போது, மாதத்துக்கு இத்தனை நாள் வேலை என்பதையும் கூடவே விதிக்கட்டும். அந்நாளுக்குக் குறைந்தால், தொழில்தருநரும் அரசும் பங்களிக்கும் நிதியிலிருந்து ஈடு வழங்கப்படட்டும். இங்கு கூடியுள்ள சட்டத்தரணிகளும் கணக்காளரும் சம்பளச் சிட்டைகளை வாங்கி, நாட்களைக் கூட்டிப் பார்த்து, தொழில் திணைக்களத்துக்கு எழுதவேண்டும். அடுத்த சம்பள நாளிலிருந்தே தொடங்கலாம்.