உடலின் நினைவும் மணல்வாரி அம்மையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நோய்க்கிருமிகளோடு நம் உடல் எங்ஙனம் போர் புரிகின்றது என்பதே இன்று எனக்குக் குறிக்கப்பட்ட விஷயம். இது கடல் போன்ற பொருள். ஒரு மணி நேரத்தில் முற்றக் கூறுதல் இயலாது. ஆதலின், நம் குடும்பங்கள் யாவும் நன்கறிந்த மணல்வாரி அம்மை என்னும் ஒரு நோயையே எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக உடலின் காவல் முறையை விளக்கலாமென்று கருதுகிறேன். தட்டம்மை என்று வைத்தியர் கூறுவதும் இதுவே. சின்னம்மை வேறு. 1980-ஆம் ஆண்டில் உலகத்தை விட்டு ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்ட பெரியம்மையாகிய வைசூரி வேறு.

வீட்டில் குழந்தைக்கு அம்மை கண்டால், அருகிலிருந்து பணிவிடை செய்வதற்கு முன்னமே அம்மை கண்டு தேறிய ஒருத்தியையே நம் பாட்டிமார் அமர்த்துவர். “அவளுக்கு ஒருமுறை வந்து போயிற்று, இனி வாராது” என்பர். இவ்வறிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி. மு. 430-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரில் ஒரு பெருங்கொள்ளைநோய் பரவிற்று. அப்போது நோயுற்றுப் பிழைத்தவர்களே அச்சமின்றிப் பிறரைப் பேணினர் என்றும், அந்நோய் அவர்களை மறுமுறை தாக்கிக் கொன்றதில்லை என்றும் துசிடிடீஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதி வைத்துள்ளார். காரணம் அறியாவிடினும் காரியத்தை மக்கள் கண்டிருந்தனர்.

இக்காட்சியை ஐயத்திற்கிடமின்றி ஆராய்வதற்கு ஏற்ற இடமாக வாய்த்தவை பாரோத் தீவுகள். இவை வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்காத்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, டென்மார்க் அரசுக்கு உட்பட்டு விளங்குவன. 1781-இல் அங்கே மணல்வாரி அம்மை பரவிற்று. பின்னர் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கே தலைகாட்டவில்லை. 1846-இல் கோப்பன்ஹேகன் நகரிலிருந்து வந்திறங்கிய தச்சர் ஒருவரோடு அது மீண்டும் புகுந்தது. சில மாதங்களில், 7,782 குடிகளில் ஏறக்குறைய 6,000 பேர் படுக்கையில் வீழ்ந்தனர்.

நிலைமையை ஆராய டென்மார்க் அரசாங்கத்தார் அனுப்பிய வைத்தியருள் ஒருவர் பீட்டர் பானும் என்பவர், வயது 25. அவர் ஊர் ஊராகச் சென்று, யார் யாருக்கு எந்நாளில் நோய் கண்டது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அங்ஙனம் அவர் கண்டவற்றுள் தலையாயது ஒன்று. 1781-இல் சிறுவயதில் இந்நோய் கண்டு தேறி, 1846-இலும் உயிரோடிருந்த முதியவர் பலர். அவருள் ஒருவரையேனும் நோய் இரண்டாமுறை பற்றவில்லை. முதுமைதான் அவர்களைக் காத்தது போலும் எனின், அன்று. 1781-இல் நோய்க்குத் தப்பியிருந்த முதியவர் பலர் 1846-இல் அதற்கு இரையாயினர். ஆகவே, காத்தது வயதன்று. உடல் 65 ஆண்டுகளாக மறவாது வைத்திருந்த நினைவே காத்தது.

இந்நினைவு உடலின் எப்பகுதியில் இருக்கின்றது? இவ்வினாவிற்கு விடை காண விஞ்ஞானிகள் நெடுங்காலம் உழைத்தனர். ருஷிய நாட்டில் பிறந்த மெச்னிகாவ் என்பார் 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீனின் இளம்பிறவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒன்றன் உடலுள் சிறு முள்ளைச் செருகி, மறுநாட் காலையிற் பார்க்க, முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் கூட்டமாய்த் திரண்டிருக்கக் கண்டார். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்பது அவர் கொள்கை. மற்றொருபுறம், 1890-இல் பெர்லின் நகரில் பெரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் வேறொன்றைக் கண்டனர். ரணஜன்னியின் நஞ்சுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட பிராணியின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து மற்றொரு பிராணிக்குச் செலுத்தினால், அதுவும் அந்நஞ்சினின்றும் காக்கப்படுகின்றது என்பதே அது. அணுவே காவல் என்பர் ஒரு சாரார். நீரே காவல் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் பல்லாண்டு வாதிட்டனர். 1908-இல் மெச்னிகாவுக்கும், எதிர்க் கட்சியினராகிய எர்லிக் என்பார்க்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டும் உண்மையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நிற்க. இன்று நாம் அறிந்த அளவில் அக்காவல் முறையைச் சுருங்கக் கூறுவேன். தோலும், மூக்கு தொண்டை முதலியவற்றின் ஈரச்சவ்வும் கோட்டை மதில். மதிலைக் கடந்து கிருமி புகுந்தால், விழுங்கும் அணுக்கள் முதலில் ஓடி வருகின்றன. இவை இன்ன பகைவன் என்று ஆராயாது, அயலானென்று கண்டதைத் தின்னும் ஊர்க்காவலர் போன்றவை. இவற்றால் அடங்காத பகையை எதிர்க்கும் பொறுப்பு நிணநீரணுக்கள் என்னும் வெள்ளணுக்களைச் சார்ந்தது. இவற்றுள் ஒரு வகை எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கின்றது. அது கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதனைச் செயலறச் செய்கின்றது. மற்றொரு வகை, கிருமி ஒளிந்துகொண்ட நம் அணுவையே கண்டறிந்து அழித்துவிடுகின்றது.

இதில் ஒரு வியப்பு உண்டு. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு பகைவனுக்கே பொருந்துவது. பூட்டுக்குத் திறவுகோல் போன்றது. உலகிலுள்ள கிருமிகளோ கணக்கற்றவை. இதுகாறும் கண்டறியாத பகைவனுக்குத் திறவுகோல் எங்ஙனம் முன்னமே அமைந்திருக்கின்றது? தொனெகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி 1976-இல் இப்புதிரை அவிழ்த்தார். 1987-இல் நோபெல் பரிசும் பெற்றார். நிணநீரணுக்கள் உண்டாகும்போது சில மரபுக்கூறுகள் பலவாறு மாறி மாறிச் சேர்கின்றன. 247 எழுத்துக்களைக் கொண்டே தமிழில் எண்ணிறந்த சொற்கள் பிறக்கின்றன அல்லவா? அவ்வாறே சில கூறுகளினின்றும் கோடிக்கணக்கான திறவுகோல்கள் ஆகின்றன. பகைவன் வந்தபின், அவனுக்குப் பொருந்திய திறவுகோலையுடைய அணு மட்டும் பல்கிப் பெருகுகின்றது.

அங்ஙனம் பெருகுதற்கு முதன்முறை ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடுகின்றது. நோய் தீர்ந்தபின் அவ்வணுக்களுட் பெரும்பாலன மாயும். சில நினைவணுக்களாக எஞ்சி நிற்கும். வேறு சில எலும்பு மஜ்ஜையில் தங்கி, பல்லாண்டுகள் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டேயிருக்கும். அதே கிருமி மறுபடி புகுந்தால், பழைய பகைவனை இவை உடனே அடையாளங் கண்டு, நாம் நோயென்று உணர்வதற்கு முன்னரே அடக்கிவிடுகின்றன. பாரோத் தீவின் முதியோரைக் காத்தவை இவையே.

இனி, இதனைக் கேட்டு அன்பர் ஒருவர், “அப்படியாயின் அம்மை வந்து போவதே நல்லது, உடல் தானே கற்றுக்கொள்ளட்டும், ஊசி எதற்கு?” என்று வினவலாம். நம்மவரிடையே இவ்வெண்ணம் உடையவர் சிலர் உளர். அவர்களை இகழ்தல் தகாது, வினா நேர்மையானதே. இதற்கு விடை கூறுதலே இச்சொற்பொழிவின் நோக்கம்.

மணல்வாரி அம்மையின் கிருமி மற்றைக் கிருமிகள் போன்றதன்று. நினைவணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தையே வாயிலாகக் கொண்டு அது உட்புகுகின்றது. புகுந்து அவ்வணுக்களையே அழிக்கின்றது. அதன் விளைவு யாது? இந்நோய் கண்ட குழந்தை தட்டம்மையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் அரிதிற் கற்ற மற்றை நோய்களின் நினைவில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றது. ஏட்டில் ஒரு வரி எழுதுவதற்காக முன் எழுதிய பக்கங்களைக் கிழித்தெறிவது போன்றது இது.

இது வெறுங் கற்பனையன்று. 2013-இல் நெதர்லாந்து நாட்டில், தம் சமயக் கொள்கை பற்றி ஊசியை ஏலாத சமூகத்தாரிடையே தட்டம்மை பரவிற்று. பெற்றோர் உடன்பாட்டுடன், நோய்க்கு முன்னும் பின்னும் 77 குழந்தைகளின் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டது. அதனை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு பின்வருமாறு: முன்பு அக்குழந்தைகளிடமிருந்த பலவகை எதிர்ப்பொருள்களில், நூற்றுக்குப் 11 முதல் 73 பங்கு வரை மறைந்துவிட்டன. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் இவ்விழப்புக் காணப்படவில்லை. நோயால் நேரும் இம்மறதியின் தீமை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கின்றது என்று, இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் மரணக் கணக்குகளை ஆராய்ந்தவர் 2015-இல் எழுதினர். அம்மை இறங்கி நீர் ஊற்றியபின், சில மாதங் கழித்து வேறு காய்ச்சலாலோ, கபவாத சுரத்தாலோ, பேதியாலோ குழந்தை நலிந்தால், அதற்கும் அம்மைக்கும் தொடர்புண்டென்று யார் நினைப்பார்? கடன் கொடுத்தவன் போல, நோய் போனபின்னும் வட்டி வாங்கிக்கொண்டே இருக்கின்றது.

ஊசியோ இவ்விலை கேளாது கற்பிக்கின்றது. 1954-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தருகே, நோயுற்ற ஒரு பள்ளி மாணவனிடமிருந்து இக்கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. என்டர்ஸ் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் அதனைப் பன்முறை வேற்றுயிரணுக்களில் வளர்த்து வலிகுன்றச் செய்தனர். 1963-இல் அது தடுப்பூசியாக அங்கீகாரம் பெற்றது. பல்லும் நகமும் பறிக்கப்பட்ட புலியைக் காட்டிப் புலியின் உருவத்தைப் பிள்ளைக்கு அறிவித்தல் போன்றது இது. சில குழந்தைகளுக்கு ஊசிக்குப்பின் சிறிது சுரமும் செந்தடிப்பும் காணலாம்; விரைவில் அவை தணிந்துவிடும். கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களும் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாகாது. இவற்றை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இனி, ஊசி ஒரு வீட்டின் விஷயம் மட்டுமன்று என்பதைக் கூற விரும்புகிறேன். தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்குச் சென்று சில மாதங்கள் காக்கின்றது, பின்னர்க் குறைந்துவிடுகின்றது. நம் நாட்டில் அரசாங்கத்தார் முதல் ஊசியை ஒன்பது மாதம் நிறைந்தபின்னரே போடுகின்றனர். இடையிலுள்ள பச்சிளங்குழந்தைக்குத் தாய் தந்த பொருளும் குன்றி, ஊசியும் இல்லை. அதற்குக் காவல் சுற்றியிருப்போரே. தட்டம்மையோ மிகக் கடுகிப் பரவுவது. எதிர்ப்புச் சக்தியில்லாதார் நடுவே நோயாளி ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதனைத் தரக்கூடும். அவர் வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் கிருமி நிற்கும். இதனைத் தடுக்க, ஊரில் நூற்றுக்கு 95 பேரேனும் எதிர்ப்புச் சக்தி உடையராதல் வேண்டும் என்பர்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா என்னும் சிறு நாட்டின் வரலாறு இதற்குச் சான்று. 2018-இல் ஊசி மருந்தைக் கலக்கும்போது, நீருக்குப் பதிலாக வேறு மருந்து தவறாகச் சேர்க்கப்பட்டமையால் அங்கே இரண்டு குழந்தைகள் இறந்தன. பிழை கலந்தவருடையது, தடுப்பு மருந்தினுடையதன்று. ஆயினும் ஜனங்கள் அஞ்சினர். அரசாங்கமும் ஊசி போடுதலைச் சில மாதங்கள் நிறுத்திற்று. போட்டுக்கொண்ட குழந்தைகளின் தொகை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. 2019-இல் தட்டம்மை புகுந்தது. ஏறக்குறைய இரண்டு லக்ஷம் பேர் வாழும் அந்நாட்டில் 5,700-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 83 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகள். டிசம்பரில் இரண்டு நாள் அரசாங்க அலுவல்கள் நிறுத்தப்பட்டன. ஊசி போடாதவர் உள்ள வீட்டார் வாசலிற் செந்துணி கட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஊழியர் வீடுதோறுஞ் சென்று ஊசி போட்டனர். அதன்பின் நோய் அடங்கிற்று. அவ்வூசி முன்னமே அவர்களிடம் இருந்ததே என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு வேகின்றது.

அங்கத்தினர்களே! அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும், அம்மனை வேண்டுவதும் நம் முன்னோர் வழக்கம். வேப்பிலையைக் கண்டு அயலார் உட்புகாது நின்றதில் நன்மையும் இருந்தது. அவ்வழக்கத்தை விடுமாறு நான் கூறவில்லை. ஆனால், அம்மை கண்ட குழந்தையை வைத்தியரிடம் காட்டலாகாது என்பது மட்டும் வேண்டாம். காட்டுதல் அவசியம்; வைட்டமின் ‘ஏ’ முதலியன கொடுத்துக் கண்ணையும் உயிரையும் காக்க வைத்தியரால் இயலும். பிள்ளையைக் காப்பாற்றும் தாயை எந்தத் தெய்வமும் முனியாது.

இறுதியாக ஒன்று. நம் சங்கம் நம் குலத்தார் நன்மைக்காக ஏற்பட்டது. கல்விக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதில் நம்மவர் என்று எல்லை வகுத்துக்கொள்ளலாம். கிருமி அவ்வெல்லையை அறியாது. நம் தெருப் பிள்ளைக்கு நோய் அடுத்த தெருவிலிருந்து வரலாம். அவர்கள் பிள்ளைக்கு நம்மிடமிருந்து போகலாம். ஒரே பள்ளியில், ஒரே காற்றைச் சுவாசித்து, அவர்கள் யாவரும் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, இவ்விஷயத்தில் நம் குலத்துப் பிள்ளைகளை மட்டும் காப்போம் என்பது நடவாத காரியம். ஊரைக் காத்தாலன்றி நம்மைக் காத்தல் இல்லை.

ஆதலின் இம்மகாசபைக்கு என் வேண்டுகோள் இவை. முதலாவது, ஒவ்வொரு வீட்டாரும் இன்றிரவே தம் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். தட்டம்மைக்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்து பன்னிரண்டு மாதத்திற்குள். இரண்டாம் ஊசி 16 முதல் 24 மாதத்திற்குள். முதலதைப் போட்டு இரண்டாவதை மறந்தோர் பலர். தவறியிருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்திற் கேட்டு உடனே போட்டுவிடலாம், பணம் வேண்டுவதில்லை. இரண்டாவது, நம் சங்கக் கட்டடத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுகாதார இலாகாவினருக்கு இதற்கென ஒழித்துக் கொடுத்து, ஊரிலுள்ள எல்லாச் சமூகத்தாரையும் அழைக்க வேண்டும். வாசலில் யாரையும் இன்னாரென்று கேட்கலாகாது.

பாரோத் தீவின் முதியோர் நோயுற்று வருந்தி அந்நினைவை விலைக்கு வாங்கினர். அவ்விலையை நம் குழந்தைகள் கொடுக்க வேண்டுவதில்லை.