கிரீன் கார்டும் கிரகபலனும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



அமெரிக்க தேசத்தில் நிரந்தரமாகத் தங்குவதற்கு அந்தச் சர்க்கார் கொடுக்கும் அனுமதிச் சீட்டைப் பற்றி, அதாவது கிரீன் கார்டு என்பதைப் பற்றி, சில வார்த்தைகள் சொல்லும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நெல்லும் கரும்பும் விளைகிற இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு அமெரிக்கச் சீட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பிள்ளையோ, மருமகனோ, அண்ணன் மகனோ கடல் கடந்து போகாத வீட்டுக்காரர்கள் கை தூக்குங்கள் என்று இங்கே கேட்டால் அதிகக் கைகள் உயரா. நமது ஊர்க்காரர்கள் சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிய காலத்திலிருந்தே இங்கே அயல்நாட்டுத் தபால் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தபாலுக்காகக் காத்திருப்பதும் நமக்குப் பழக்கமானதுதான்.

இந்தக் கூட்டத்திற்குச் சில நாள் முந்தி ஓர் அம்மாள் நம்மிடம் வந்தார்கள். அவர்கள் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறார். 2014 நவம்பரில் அவருக்காக மனுப் போடப்பட்டது. 2022-ல் பேட்டி நடந்தது. உத்தியோகஸ்தர் எல்லாக் காகிதங்களையும் பார்த்து, "குறை ஒன்றுமில்லை, முடிவு தபாலில் வரும்" என்று சொல்லி அனுப்பினாராம். மூன்று வருஷத்திற்கு மேலாகியும் முடிவு வரவில்லை. இதற்கிடையில் இங்கே தகப்பனார் இறந்துபோனார். மகன் வரவில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது அவரைப் போன்றவர் முன் அனுமதி இல்லாமல் வெளியே போனால் மனுவையே கைவிட்டதாகக் கொள்வார்கள். அவர் கையிலிருந்த அனுமதி காலாவதியாகி, புதியது இன்னும் வரவில்லை. கொள்ளியை வேறு ஒருவர் போட்டார்.

இவ்வளவு துக்கத்திலும் லாபம் அடைந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜோசியர். மகன் ஜாதகத்தில் சனி நிற்கிறான், அதனால்தான் சீட்டு நிற்கிறது என்றார். திருநள்ளாற்றுக்கு எள் விளக்கு, வீட்டில் ஓமம், தாயத்து என்று பணம் போயிற்று. தகப்பனார் இறந்ததும், அதுவும் மகன் ஜாதகத்தின் தோஷமே என்று சொல்லிவிட்டார். தோழர்களே! சாவு வீட்டில், வர முடியாமல் தவிக்கிற பிள்ளையின் தலையில் தகப்பன் சாவையும் ஏற்றிவைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அந்த அம்மாள் நம்மைக் கேட்டது ஒரே கேள்விதான். "என் மகன் ஒரு தப்பும் பண்ணலையே அய்யா, ஏன் காக்க வைக்கிறாங்க?" என்றார்கள். நாம் சொன்னோம்: "அம்மா, உங்கள் மகன் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. அவர் இங்கே பிறந்தார்" என்று. இது வேடிக்கைப் பேச்சல்ல. அமெரிக்கச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி உத்தியோகத்தின் பேரில் ஒரு வருஷத்திற்குக் கொடுக்கப்படும் சீட்டுகள் சுமார் 1,40,000. மனைவி மக்களுக்குக் கொடுப்பதும் இதற்குள்தான் அடக்கம். குடும்ப உறவின் பேரில் கணக்கு வைத்துக் கொடுப்பது 2,26,000. அமெரிக்கப் பிரஜையின் கணவன் அல்லது மனைவி, வயது வராத பிள்ளை, தாய் தகப்பன் ஆகியோருக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. இரண்டு கணக்கிலும் எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் 100-க்கு 7-க்கு மேல் கிடையாது என்பது 1990-ம் வருஷத்துச் சட்டம். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால் சில சமயம் கொஞ்சம் கூடக் கிடைக்கும். 140 கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள இந்தியாவுக்கும் அதே 7 தான். சுமார் 4 லட்சம் ஜனங்களே உள்ள ஐஸ்லாந்துக்கும் அதே 7 தான்.

நமது பாகூர் ஏரியை வைத்து யோசித்துப் பாருங்கள். ஏரிக்குக் கீழே 10 காணி உள்ள கிராமத்திற்கும் 1,000 காணி உள்ள கிராமத்திற்கும் ஒரே அளவு மடைதான் என்று ஒருவன் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? ஒரு கிராமத்தில் தண்ணீர் வழிந்து ஓடும். மற்றதில் பயிர் காயும். காய்கிற கிராமத்துக்காரன், "எனக்குச் சனி பிடித்திருக்கிறது" என்று எள் விளக்கு ஏற்றினால் மடை அகலமாகுமா?

சரி, பேட்டியே முடிந்தபின் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். பேட்டி என்பது ஆளைப் பார்த்துக் காகிதத்தைச் சரிபார்ப்பதுதான். சீட்டு கொடுக்க வேண்டுமானால் அந்த மாதம் அவருக்கு ஒரு நம்பர் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தச் சர்க்கார் ஒரு பட்டியல் போடுகிறது. இன்ன தேசத்தில் பிறந்தவர்களில் இன்ன தேதிக்கு முன் மனுப் போட்டவர்களுக்கு நம்பர் உண்டு என்று அதில் இருக்கும். அந்தத் தேதி முன்னாலும் போகும், பின்னாலும் வரும். இந்த அம்மாள் மகன் நிற்கும் வகுப்பில், 2022 செப்டம்பரில் இந்தியாவுக்கான தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்திருந்தது. அடுத்த அக்டோபரிலேயே 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் கையெழுத்து விழுந்தவர் கரையேறினார், விழாதவர் நின்றுவிட்டார். 2025-ல்கூட அந்தத் தேதி 2012, 2013 என்றுதான் இருந்தது. இதுதான் அவரைப் பிடித்த சனி. இந்தச் சனி வானத்தில் இல்லை. மாதா மாதம் அச்சாகி வெளிவருகிறது. யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

இன்னொரு விசித்திரத்தைக் கேளுங்கள். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து விலகியது. 1956-ல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-ல் அமுலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் எல்லாரும் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று வைத்தார்கள். எழுதிக் கொடுத்தவர் வீடு ஒரு தேசம், எழுதிக் கொடுக்காத அடுத்த வீடு இன்னொரு தேசம் என்று ஒரே தெருவில் ஆயிற்று. அப்படி எழுதிக் கொடுத்த ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பேரன் பாகூரில் பிறந்தான். குடும்பம் பிரான்சுக்குப் போனபின் இளைய பேரன் அங்கே பிறந்தான். இருவருக்கும் ஒரே தாய் தகப்பன், ஒரே படிப்பு, இருவர் கையிலும் பிரெஞ்சு பாஸ்போர்ட். இருவரும் அமெரிக்காவில் ஒரே நாளில் மனுப் போட்டால், தம்பி பிரான்சு வரிசையில் நிற்பான். அண்ணன் இந்தியா வரிசையில் நிற்பான். ஏனென்றால் அங்கே பார்ப்பது பிரஜா உரிமையை அல்ல, பிறந்த மண்ணை. அந்த அண்ணன் வேறு தேசத்தில் பிறந்த பெண்ணைக் கலியாணம் செய்திருந்தால், அவள் பிறப்பைக் காட்டி அவள் வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். தன் யோக்கியதையைக் காட்டி மாற முடியாது. பிறப்பைக் காட்டித்தான் மாறலாம்!

இந்த நியாயத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? இருக்கத்தான் செய்யும். நமது ஊரில் வெகுகாலமாக நடக்கிற நியாயம்தானே அது?

இது சம்பந்தமாக ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் என்பவர் அமெரிக்காவுக்குப் போய், முதல் உலக யுத்தத்தில் அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் பிரஜா உரிமை கேட்டார். அப்போதைய சட்டப்படி குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் அந்த உரிமை உண்டு. "மனிதனை நிறத்தால் பிரிக்கிற சட்டம் அக்கிரமம்" என்றல்லவா அவர் தரப்பில் வாதாடியிருக்க வேண்டும்? அப்படி வாதாடவில்லை. அவர் உயர்ந்த ஜாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார்கள். நீங்கள் நீக்ரோவை எப்படி நினைக்கிறீர்களோ அப்படித்தான் உயர்ந்த ஜாதிக்காரர் இங்குள்ள ஆதிகுடிகளை நினைக்கிறார் என்பதையும் பெருமையாகக் காட்டினார்கள். 1923 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "நீர் எந்த ஜாதியோ, சாதாரண ஜனங்கள் கண்ணுக்கு நீர் வெள்ளையர் அல்ல" என்று தள்ளிவிட்டது. அதோடு நில்லாமல், முன்பே உரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

அந்தக் கதவு பிறகு எப்படித் திறந்தது? எந்தச் சாமியும் திறக்கவில்லை. ஜே. ஜே. சிங், தலிப் சிங் சௌந்த் போன்றவர்கள் வருஷக்கணக்காகச் சட்டசபை அங்கத்தினர்களிடம் வாதாடியதால் 1946-ல் வருஷத்திற்கு 100 இந்தியர் வரலாம், பிரஜையும் ஆகலாம் என்று சட்டம் வந்தது. சௌந்த் 1949-ல் பிரஜையாகி, 1956-ல் அதே சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965-ல்தான் தேசத்துக்கு இவ்வளவு என்ற பழைய இன அளவு நீங்கியது. அதற்குமுன் கறுப்பு மக்கள் அடிபட்டு, சிறைப்பட்டு, 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தைப் பெற்றிருந்தார்கள். அந்தப் போராட்டம் மூட்டிய உணர்ச்சியில்தான் குடியேற்றச் சட்டமும் திருந்தியது. திந்தின் வழக்கில் யாரைத் தாழ்வென்று காட்டினார்களோ அவர்கள் பட்ட அடியினால் திறந்த கதவு வழியாகத்தான் இன்று நம் பிள்ளைகள் போகிறார்கள். இதை ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

இனிப் பிரார்த்தனை விஷயத்தைப் பார்ப்போம். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் இருக்கிற சாமிக்கு "விசா பாலாஜி" என்றே பெயர் வந்துவிட்டது. வேண்டும்போது 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. நாம் கேட்பது இதுதான்: சீட்டுகளின் எண்ணிக்கை சட்டத்தில் அடங்கியிருக்கிறது. சாமி ஒருவனுக்குக் கொடுத்தால் வரிசையில் அவனுக்கு முன்னே நிற்கிற இன்னொருவனிடமிருந்து பிடுங்கித்தானே கொடுக்க வேண்டும்? இதையே ஒரு குமாஸ்தா செய்தால் லஞ்சம் என்கிறோம். சாமி செய்தால் அருள் என்கிறோம். பாலாஜியின் பெயரையே கேள்விப்படாத ஐஸ்லாந்துக்காரன் சீக்கிரம் போகிறான். அவரையே சுற்றிச் சுற்றி வருகிறவன் பத்து வருஷத்திற்கு மேல் நிற்கிறான். சுற்றுக்கும் சீட்டுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

அப்படியானால் சும்மா இருக்கச் சொல்லுகிறோமா? இல்லை. பட்டியலை மாதா மாதம் பாருங்கள். நம்பர் வந்தும் முடிவு வராவிட்டால் எழுதிக் கேட்கலாம். அங்குள்ள தொகுதிப் பிரதிநிதி மூலம் விசாரிக்கலாம். காரணமில்லாமல் மேலும் தாமதித்தால், "முடிவு சொல்" என்று உத்தரவிடும்படி கோர்ட்டிலும் கேட்கலாம். விலாசம் மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளியே போகும் அனுமதி முடியும் முன்பே புதியதற்கு மனுப் போட வேண்டும்; அந்த மகன் தகப்பன் முகம் பார்க்காமல் போனது இந்த ஒன்றினால்தான். பிள்ளைக்கு 21 வயது நிரம்பினால், சட்டம் தரும் சில கழிவுகள் போக, தகப்பன் மனுவிலிருந்து விழுந்துவிடும்; அதையும் முன்கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, முன்னுக்குத் தள்ளுகிறேன்" என்று சொல்லும் தரகன் கையில் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டி முடிந்துவிட்டது, சீட்டு வரப்போகிறது என்று சொல்லி வரதட்சிணை விலையை ஏற்றும் மாப்பிள்ளை வீட்டாரை நம்பி நிலத்தை விற்காதீர்கள். வரப்போகிற சீட்டு எந்த வருஷம் வரும் என்பது மாப்பிள்ளைக்கே தெரியாது. பெண்ணுக்குப் படிப்பும் உத்தியோகமும் இருந்தால் சீட்டு வந்தாலும் வராவிட்டாலும் அவள் வாழ்வு நிற்காது.

கடைசியாக ஒன்று. பிறந்த இடத்தைக் கேட்டு வரிசை பிரிப்பது அநியாயம் என்று அமெரிக்காவைப் பார்த்து நாம் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவன் திரும்பி நம்மைப் பார்த்து, "உங்கள் ஊரில் சேரியில் பிறந்தவன் எந்த வரிசையில் நிற்கிறான்? அவன் பிணத்துக்கு எந்த வழி? அவன் பெண்ணைக் கட்டினவனுக்கு என்ன கதி?" என்று கேட்டால் நம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் சட்டத்தில் அண்ணனுக்கு ஒரு காலத்திலாவது நம்பர் வரும். நம் ஊர் வரிசையில் ஆயிரம் வருஷம் நின்றாலும் நம்பர் வராது. ஆகவே பிறப்பினால் தள்ளி நிறுத்தப்படுவதன் வேதனை என்ன என்று இப்போது அறிந்துகொண்ட தாய் தகப்பன்மார்கள், அதை முதலில் தங்கள் தெருவில் ஒழிக்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

அந்த அம்மாள் போகும்போது தாயத்தை அறுத்து நம் மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பட்டியலைப் பார்க்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுங்க" என்றார்கள். அவர்கள் பேத்தியே இப்போது மாதா மாதம் அதைப் படித்துச் சொல்லுகிறாள். துக்கம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. ஜோசியருக்குப் போகும் பணம் நின்றுவிட்டது. அந்த அளவுக்காவது நீங்களும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.