தேர்ச்சிக்கு விலை வைத்த காலம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். நம் திருப்பூர் அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குப் பெற்றோரே தானியமும் காசும் கொடுத்தார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. படித்தவர்களில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான்.

1854ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் வந்தது. 1860களில் நம் மாகாணத்தில் அதைத் தேர்ச்சியோடு முடிச்சுப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்வார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம். தேறாத பிள்ளையால் வாத்தியாருக்கு வரவில்லை. அதனால் அவர் கவனமும் அந்தப் பிள்ளைமேல் இருக்காது.

அந்த மானியம் போய்விட்டது. அந்தப் பார்வை போய்விட்டதா? பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்ததும் பெற்றோருடன் ஊருக்குப் போய், மூன்று மாதம் கழித்து வரும் பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம்? ஒடிசாவிலிருந்து வந்து, தமிழ் எழுத்தே அறியாமல் நான்காம் வகுப்பில் உட்காரும் பிள்ளையை? ‘இவனால் விழுக்காடு குறையும்’ என்று சொல்லும்போது அந்த இன்ஸ்பெக்டரின் கணக்கைத்தான் நாமும் போடுகிறோம்.

நம் சம்பளம் தலைக்கணக்கில் வருவதில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குத் தேர்ச்சி விழுக்காட்டுடன், இடையில் போய்த் திரும்பிய ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எதுவரை வாசிக்கிறது என்றும் ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்.