உழைப்பவரின் நேரம் யாருக்குரியது?





சில மாதங்களுக்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்தார். நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. ஆன்லைனில் மக்கள் வாங்கும் பொருட்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். "ஹஸ்ரத், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அஸர் தொழப் போனால் எண்ணிக்கை குறைகிறது. தொழாமல் வாங்குகிற சம்பளம் ஹலாலா?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அந்த வேலையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவருடைய அக்காவின் திருமணக் கடன் இன்னும் அடையவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பின் அவர் என்னிடம் வரவேயில்லை.

நான் அன்று தந்தது விடையல்ல. கேள்வியைத் தட்டிக்கழித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்குத் தென்மேற்கே ஷாக்கப்பீ என்றோர் ஊர் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் அங்கே மிகப் பெரியதொரு கிடங்கைத் திறந்தது. 1991க்குப் பின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த சோமாலிய முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் பகுதி அது. கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் கணிசமானோர் அவர்களே.

அங்கே வேலை எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொருள் அடுக்கிய அலமாரிகளை இயந்திரங்கள் தாமே சுமந்துகொண்டு தொழிலாளியின் முன் வந்து நிற்கும். திரையில் தெரியும் பொருளை அவர் எடுக்க வேண்டும், ஸ்கேனரில் காட்ட வேண்டும், பெட்டியில் போட வேண்டும். அடுத்த அலமாரி அதற்குள் வந்துவிடும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைக் கணினி குறித்துக்கொண்டே இருக்கும். இடைவெளி நீண்டால் அது 'வேலையில் இல்லாத நேரம்' என்று பதிவாகும். அது கூடினாலோ, மணிக்குரிய எண்ணிக்கை குறைந்தாலோ எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் சேர்ந்தால் வேலை போகும்.

பத்து மணி நேரப் பணிக்குள் எத்தனை தொழுகைகள் வரும் என்று சிந்தித்துப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை 4.30 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். பகல் பணியில் இருப்பவருக்கு லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் கிடங்குக்குள்ளேயே வந்துவிடும். 2018ஆம் ஆண்டு ரமளானோ மே மாதத்தின் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்தது. நோன்பு ஏறத்தாழ 17 மணி நேரம். தாகத்தோடு நின்றபடி, அதே வேகத்தில்!

நிறுவனம் தொழுகையைத் தடுத்ததா? இல்லை. நியாயமாகப் பேச வேண்டும். பணியிடத்தில் மத அனுஷ்டானத்துக்கு இடமளிக்க வேண்டும் என்பது அந்நாட்டின் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் கடமை. தொழ இடம் உண்டு என்றும், 20 நிமிடத்துக்குக் குறைவான தொழுகை இடைவேளைக்குச் சம்பளம் உண்டு என்றும், அதற்கு மேல் தேவைப்பட்டால் சம்பளமில்லாத இடைவேளை பெறலாம், அப்போது எண்ணிக்கை இலக்கும் மாற்றப்படும் என்றும் நிறுவனம் சொன்னது. தொழிலாளர்களின் குறை வேறு. குறுகிய இடைவேளையில் தொழுதுவிட்டு வந்தால் சம்பளம் குறையாது; ஆனால் இலக்கு அப்படியே நிற்கும். தொழுத நிமிடங்களை மீதி நேரத்தில் ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். கதவு திறந்திருக்கிறது, போகத்தான் பயம்.

இந்தத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடவில்லை. 'அவூத்' என்ற மையத்தின் துணையோடு ஒன்றுகூடினார்கள். சோமாலி மொழியில் அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். 2018இல் நிறுவனத்தின் மேலாளர்கள் அவர்களோடு அமர்ந்து பேசினார்கள். அந்த ஆண்டு ரமளானில் வேலைச் சுமை குறைக்கப்பட்டது. வேகக் குறைவுக்காக ஒருவரை நீக்குவதாயின் சோமாலி மொழி அறிந்த மேலாளர் ஒருவரும் இசைய வேண்டும் என்ற யோசனையும் வந்தது. வேகத்தின் அளவு மட்டும் குறையவில்லை. 2018 டிசம்பர் 14 அன்று கடுங்குளிரில் கிடங்கின் வெளியே நின்று குரல் எழுப்பினார்கள். 2019 ஜூலை 15 அன்று, நிறுவனத்தின் பெரும் விற்பனைத் திருநாளான 'பிரைம் டே'யில், வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்வரிசையில் நின்றவர்களில் ஹிஜாப் அணிந்த பெண்கள் பலர் என்பதை இங்கே திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய கிடங்குகளில் மணிக்கு இத்தனை என்று இலக்கு வைப்பதாயின், அதைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உணவு, ஓய்வு, தொழுகை, கழிப்பறை ஆகியவற்றுக்குத் தடையாகும் இலக்கை விதிக்கக்கூடாது. தெரிவிக்காத இலக்கைக் காட்டி எவரையும் தண்டிக்கவும் கூடாது. ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

சகோதரர்களே! இதைப் படித்தபோது நான் மதரஸாவில் ஓதிய பாடம் நினைவுக்கு வந்தது. கூலி ஒப்பந்தத்துக்கு நம் ஃபிக்ஹ் வைக்கும் முதல் நிபந்தனை, வேலையும் கூலியும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஒரு மனிதரின் நேரத்தை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது அவர் முடித்துத் தரும் வேலையை எடுக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'இன்று பகலுக்குள் இத்தனை மாவையும் சுட்டுத் தர வேண்டும்' என்று ரொட்டி சுடுபவரிடம் பேசினால் அந்த ஒப்பந்தம் சீர்கெட்டது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) அதை அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, பகலுக்குள் இந்த ஆடையைத் தைத்து முடி என்று தையற்காரரை அமர்த்துவது செல்லாது என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மிகச் சரியான கருத்தாகக் கொண்டார்கள். ஏன்? வேலை முந்தி முடிந்தால் மீதி நேரம் யாருடையது, நேரம் முந்தி முடிந்தால் மீதி வேலை யார் தலையில் என்ற சச்சரவு அதில் ஒளிந்திருக்கிறது. கிடங்கில் நடப்பதும் இதுவே அல்லவா? பத்து மணி நேரமும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும்!

நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் ஃபர்ளுத் தொழுகைக்கும் அதற்கான உளூவுக்கும் ஆகும் நேரம் ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது, அதற்காகக் கூலி குறையாது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளார்கள். ஃபர்ளுக்குத்தான் சொன்னார்கள். தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் செல்பேசி பார்ப்பவருக்கு இதில் பங்கில்லை. அவர் எடுத்தது பிறருடைய நேரம்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு முறைகூட 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ தம்மிடம் கேட்கப்பட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். வினாடிக்கு வினாடி ஏன் என்று கேட்கும் கருவியைக் கையில் பிடித்திருப்பவருக்கு இந்த ஹதீஸின் அருமை நம்மைவிட நன்றாகப் புரியும்.

தூர தேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டு ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், 24 அடி நீளமுள்ள ஆறு லாரிகளை இறக்கி முடிக்கும் வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ செல்வதில்லை என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. தனிப்பட்டதொரு சம்பவம் என்று நிறுவனம் கூறியது.

நம் சமுதாயத்தவரின் ஜவுளிக் கடைகள் மட்டும் எப்படி இருக்கின்றன? காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களுக்கு அமர இடம் தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. ஸஃப்பின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளிமார் சற்றுப் பொறுத்தருள வேண்டும். உங்கள் கடையில் அந்த நாற்காலிகள் எங்கே இருக்கின்றன? லுஹருக்குப் போய் வந்த பையனின் பெயருக்கு நேரே குறிப்பேட்டில் என்ன எழுதப்படுகிறது?

அந்த இளைஞரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: தொழுகையை விடாதீர்கள், இலக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள், தனியாகக் கேட்காமல் உடன் வேலை செய்பவர்களோடு, முஸ்லிமல்லாத சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள், அவர்களுக்கும் தாகம் உண்டு, வேறு வேலை கிடைக்கும் வரை இதை உதறிவிட்டுக் கடன்காரராக நிற்காதீர்கள். கடனுக்கு ஜமாஅத் என்ன செய்ய முடியும் என்பதை நிர்வாகிகளிடம் கேட்க வேண்டியது என் பொறுப்பாக இருந்தது. அதையும் நான் செய்யவில்லை.

அவருடைய தந்தையிடமிருந்து தொலைபேசி எண்ணை நேற்று வாங்கியிருக்கிறேன். இன்று அவருக்கு இரவுப் பணியாம். தொழுகை முடிந்ததும், அவர் புறப்படுவதற்கு முன், இன்ஷா அல்லாஹ் பேச இருக்கிறேன்.