கார்டியலும் ஒரு டம்ளர் பானகமும்
(தண்ணீர்ப் பந்தல் தொடக்க நாளில் பேசியது)

நம் சங்க அழைப்பிதழ் ஒவ்வொன்றிலும் ‘கார்டியலி இன்வைட்டட்’ என்று போடுகிறோம். மனமார அழைக்கிறோம் என்று அர்த்தம். லத்தீனில் ‘கோர்’ என்றால் இதயம். அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இதயத்துக்குத் தெம்பு என்று கொடுத்த மருந்துக்கும் கார்டியல் என்றே பெயர். போகப்போக மருந்து போய் இனிப்பு மட்டும் நின்றது. 1867-இல் லாக்லன் ரோஸ் என்பவர் மது சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கக் காப்புரிமை வாங்கினார். அதுவும் கார்டியல்தான். நம் நன்னாரி சர்பத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்போம்.

போன மே மாதம், சி.டி.எச். ரோடு வெயிலில் பார்சல் கொண்டுவந்த தம்பி ஒருவர் நம் கேட்டில் தண்ணீர் கேட்டார். “வெளியில் கடை இருக்கிறது” என்று சொன்னவன் நான்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

அதனால்தான் இந்தப் பானைகளைக் கேட்டுக்கு வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை போட்ட பானகம். தினமும் காலையில் கழுவி நிரப்ப ஆள் வேண்டும். செக்யூரிட்டி அறையில் நோட்டு இருக்கிறது, பெயர் எழுதுங்கள். திங்கட்கிழமை என் முறை.