டாபர்மன் வளர்க்கலாமா?

தலைநகரில் அரசாங்கக் குடியிருப்பில் வாழும் எங்கள் இல்லத்தில், சென்ற மார்கழியில் ஒரு விவாதம் எழுந்தது. அலுவலக நண்பர் ஒருவருக்குக் குவஹாத்திக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் வளர்த்துவந்த ராணி என்னும் இரண்டு வயது டாபர்மன் நாயை உடன் அழைத்துச் செல்ல அவரால் இயலவில்லை. "நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? பதினைந்து நாளில் முடிவு சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் வரிசையில் அதற்குச் சில நாள் முன்புதான் இரு வீடுகளின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. ஆகவே, காவலுக்கு ஆள் கிடைத்ததென்று மகன் மகிழ்ந்தான். ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் 78 வயது அன்னையாரோ, "பார்த்தாலே குலை நடுங்குகிறதே!" என்றார். எங்கள் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லைக் கண்டால் அதன் பிறப்பை ஆராயாமல் விடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எனவே அங்கிருந்தே தொடங்கினோம்.

டாபர்மன் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் அபோல்டா என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூயி டாபர்மன், வரி தண்டும் வேலை பார்த்தவர். பணப்பையுடன் தனிவழி செல்பவருக்குத் துணை வேண்டுமல்லவா? அதற்கென்றே இந்த நாயினத்தை உருவாக்கினார். எந்தெந்த இனங்களைக் கலந்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. 1894ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னர், அவர் பெயரே இனத்தின் பெயராக நிலைத்தது.

இந்த வரலாற்றில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டாபர்மன் வாயிலில் சங்கிலியால் கட்டிப்போடுவதற்காகப் பிறந்த நாயன்று. மனிதனின் பக்கத்திலேயே நடப்பதற்காகப் பிறந்தது. தன்னவரை விட்டுப் பிரிந்திருக்க அதனால் இயலாது. நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடையும் ஓட்டமும் வேண்டும். குட்டிப் பருவம் முதல் பொறுமையான பயிற்சியும் வேண்டும். அடித்து வளர்த்தால் அச்சம் மிகும். அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும்.

உடலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பெண் நாயே 30 கிலோவுக்கு மேல் எடை கொள்ளும். உரோமம் மிகக் குறுகியதாதலால் தில்லியின் தை மாதக் குளிரைத் தாங்காது. இரவில் வீட்டுக்குள்தான் படுக்கை. இதயத் தசை தளர்ந்து இதயம் விரிந்துபோகும் நோய் இந்த இனத்தில் மிகுதி. வெளியே எந்த அறிகுறியும் தோன்றாமல் அது வளரக்கூடுமாதலால், நடுவயது முதல் மருத்துவரிடம் ஆண்டுதோறும் காட்டுவது நலம். அழகுக்கென வாலை நறுக்குவதும் செவிமடலை வெட்டி நிமிர்த்துவதும் நாய்க்கு எந்த நன்மையும் தருவதில்லை. அதன் பிறந்த நாடான ஜெர்மனியிலேயே இவை சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியும், மாநகராட்சியில் பதிவும் தவறாமல் செய்யவேண்டியவை.

வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமாயின், முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நமக்கென்றே பதிவு செய்தல் வேண்டும். இல்லையேல், காவலர் பெட்டியிலுள்ள கூண்டில் அது தனியே வரவேண்டும். பக்கத்து வீட்டில் விட்டுச் செல்லலாமென்றால், சாவியை வாங்கிக்கொள்பவர் எல்லாரும் டாபர்மனை வாங்கிக்கொள்வார்களா?

இவ்வளவும் அறிந்த பின்னும், ராணியை ஒரு நாள் இல்லத்தில் வைத்துப் பார்க்கலாமென்று முடிவு செய்தோம். நாங்கள் அலுவலகம் சென்றோம். மகன் கல்லூரி சென்றான். மாலையில் திரும்பியபோது கதவின் உட்புறமெங்கும் நகக் கீறல்கள். நாங்கள் போன திசையை நோக்கி நண்பகல் வரை அது அழுததாம். பிறகு அன்னையாரிடம் அடைக்கலம் புகுந்து, அவர் அடுக்களைக்குப் போனால் அடுக்களைக்கும், பூஜை அறைக்குப் போனால் பூஜை அறைக்கும் உடன் சென்றிருக்கிறது. ஒரு திருப்பத்தில் வாஞ்சையோடு அவர் காலில் சாய்ந்தது. அவர் நிலை தடுமாறி, நிலைப்படியைப் பற்றிக்கொண்டார். விழாமல் தப்பியது இறைவன் செயல்.

கடித்துவிடுமோ என்றுதான் நாங்கள் அஞ்சியிருந்தோம். அதன் அன்பையே முதுமை தாங்காது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. வியப்பு என்னவெனில், "பாவம், வாயில்லா ஜீவன்! இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று பரிந்து பேசியவர் அன்னையார்தாம். ஆயினும் மறுநாள் நண்பரிடம் இயலாதென்று சொன்னோம். மகன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர், முற்றமுள்ள தம் வீட்டுக்கு ராணியை அழைத்துச் சென்றனர். எங்கள் வாயிலுக்கு இரும்புக் கதவு ஒன்று போட்டோம். திருட்டு பயத்துக்கு அது போதுமானதாயிற்று.

டாபர்மன் வளர்க்கக்கூடாதென்று நாம் சொல்லவில்லை. உறவினரைப் பிரிந்து வந்த நமக்குத் துணை தேவைதான். அந்தத் துணையைக் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பூட்டிய வீட்டில் தனியே விடுவது முறையாகுமா? பகலில் அதனுடன் இருப்பவர் யார், விடியலில் அதனுடன் நடப்பவர் யார், மாற்றல் வந்தால் அதனை ஏற்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் வீட்டிலுள்ள ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமானால், தயங்காமல் அழைத்து வாருங்கள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அது உங்கள் குடும்பத்தில் ஒன்று.

எங்கள் மகன் இப்போது ஞாயிறுதோறும் பேருந்து ஏறிச் சென்று ராணியோடு நடந்துவிட்டு வருகிறான்.